துடைக்கிற கை

செவ்வாய்க்கிழமை காலையில் மட்டும் அவன் தானாகத் தலை வாரிக்கொள்வான். மற்ற நாட்களில் சீப்பை எடுத்துக்கொண்டு அவள்தான் பின்னாலேயே அலைய வேண்டும். தலையைக் காட்டு என்றால் காட்டுவான், சொல்லாவிட்டால் படுக்கையிலிருந்து எழுந்த கோலத்திலேயே பொழுது சாயும்வரை உட்கார்ந்திருப்பான். செவ்வாயன்று மட்டும் கண்ணாடி முன்னால் நின்று, வலது கை சரியாக வராததால் இடது கையில் சீப்பைப் பிடித்து, வகிடு கோணலாகப் போவதைப் பார்த்து உதட்டைப் பிதுக்கி, கலைத்துவிட்டு, மறுபடியும் எடுப்பான். அன்றைக்குத்தான் அவனுக்குப் பேச்சுப் பயிற்சி.

இதை அவள் ரொம்ப நாள் கவனிக்கவில்லை. கவனித்த பிறகு வேறு எதிலும் மனசு நிற்கவில்லை.

அவன் லிஃப்ட் மெக்கானிக். நகரத்தின் உயரமான கட்டடங்களில், இருட்டுக் குழிக்குள் இரும்புக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தொங்கி வேலை செய்தவன். அங்கே ஒரு கீறல்கூடப் பட்டதில்லை. ஒரு மழை நாளில் வேலை முடிந்து வந்து, ஹெல்மெட்டைக் கழற்றிக் கைப்பிடியில் மாட்டிவிட்டு, வாசல் சரிவில் பைக்கைத் தள்ளி ஏற்றும்போது கால் வழுக்கி, படியின் விளிம்பில் தலையைக் கொண்டுபோய்க் கொடுத்தான். மண்டைக்குள் ரத்தம் கட்டி, அறுவை சிகிச்சை ஆகி, பிழைப்பானா மாட்டானா என்று ஆஸ்பத்திரி நாற்காலியில் கிடந்தாள் அவள். பிழைத்தான். வலது கையும் காலும் பாதி பலம் இழந்திருந்தன. பேச்சு திக்கியது. சொல்ல நினைத்த வார்த்தை வராது, வேறொரு வார்த்தை முந்திக்கொண்டு வந்து நிற்கும். தண்ணீர் கேட்க நினைத்து ஜன்னல் என்பான். தப்பு என்று அவனுக்கே தெரியும், முகம் சிவந்துவிடும்.

அதற்கு முன்னால் அவர்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. நாலு பேர் முன்னால் "ஏங்க, நீங்க" என்பாள். கதவைச் சாத்திவிட்டால் "டேய்" தான். அந்த "டேய்"யைக் கேட்டாலே அவனுக்கு ஒரு சிரிப்பு வரும். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம், மகள் வெளியூர்க் கல்லூரி விடுதிக்குப் போன பிறகு அந்தச் சிரிப்பு இன்னும் கொஞ்சம் கூடியிருந்தது என்றே சொல்லலாம். விபத்துக்கு அப்புறம் "நீங்க"வும் போயிற்று, "டேய்"யும் போயிற்று. "எந்திரிப்பா. கையத் தூக்குப்பா. வாயத் திறப்பா." குழந்தையிடம் பேசுகிற பேச்சு எப்போது நாக்கில் வந்து ஒட்டிக்கொண்டது என்று அவளுக்கே தெரியாது.

அவனும் பதிலுக்கு ஒன்று கற்றுக்கொண்டான். ஒருநாள் குளியலறையிலிருந்து துண்டு கேட்கும்போது, "சிஸ்டர்!" என்று கூப்பிட்டான்.

ஆஸ்பத்திரிப் பழக்கம், வார்த்தை மாறி விழுந்துவிட்டது, அவ்வளவுதான். அவளும் அப்படித்தான் தனக்குச் சொல்லிக்கொண்டாள். ஆனால் மறுநாளும் வந்தது, அதற்கு மறுநாளும் வந்தது. கட்டின பெண்டாட்டியை சிஸ்டர் என்று கூப்பிட்டால் எந்த அர்த்தத்தில் எடுத்துக்கொள்வது? நர்ஸ் என்று எடுத்தாலும் வலித்தது, உடன்பிறந்தவள் என்று எடுத்தால் இன்னும் வலித்தது.

இந்தப் புண்ணின் மேல்தான் அந்தத் தலைவாரல் வந்து விழுந்தது.

பேச்சுப் பயிற்சி கொடுக்கிறவளுக்குத் தோள்வரை சுருட்டை முடி. முப்பது வயதுக்குள்தான் இருக்கும். அவளுக்கு இவள் மனசுக்குள் "சுருட்டை" என்று பெயர் வைத்தாள். சுருட்டை என்று ஒரு விரியன் பாம்பும் உண்டு என்பது பெயர் வைத்த பிறகுதான் ஞாபகம் வந்தது. சரிதான், பொருத்தம்தான் என்று விட்டுவிட்டாள்.

பயிற்சி அறைக்கு வெளியே நீளமான நடை. சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலிகள். அவளை அங்கே உட்கார வைத்துவிட்டு, அவனை உள்ளே கூட்டிப்போய்க் கதவைச் சாத்திவிடுவாள் சுருட்டை. "கூட ஆள் இருந்தா அவர் உங்க மூஞ்சியப் பாத்துப் பாத்துப் பேசறார்ங்க. தனியா இருந்தாத்தான் முயற்சி பண்றார்" என்பாள். நியாயமாகத்தான் பட்டது, உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்கும்வரை.

அவன் சிரிப்பு. இருமல்போல ஆரம்பித்து அப்புறம் உருண்டோடும் அந்தச் சிரிப்பு. வீட்டில் அது காதில் விழுந்து மாதக்கணக்காகிவிட்டது. ஆடு, மாடு, நாற்காலி என்று அட்டையைக் காட்டிப் பெயர் கேட்கிற வகுப்பில் சிரிக்க என்ன இருக்கிறது? அவள் கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கதவு திறந்தபோது அவன் முகத்தில் சிரிப்பின் மிச்சம் இருந்தது. இவளைப் பார்த்ததும் அது அடங்கியது. வீட்டுக்குப் போகிற முகம் வந்து உட்கார்ந்துகொண்டது.

"என்ன அப்படி சிரிப்பு?" என்று ஆட்டோவில் கேட்டாள்.

"ஒண்ணும்… இல்ல."

திக்காமல் வந்தது அந்த இரண்டாவது வார்த்தை. பொய் சொல்ல மட்டும் நாக்கு நன்றாகப் புரள்கிறது என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவள் வேலை பார்ப்பது ஒரு கண்ணாடிக் கடையில். வருகிறவர்களுக்கு ஃபிரேம் தேர்ந்தெடுத்துக் கொடுத்து, மூக்கில் உட்காருகிறதா, காதில் இழுக்கிறதா என்று பார்த்து, வளைத்துச் சரிசெய்து கொடுக்க வேண்டும். கூட வேலை பார்க்கும் மூத்தவளுக்குக் கடையில் பவுடர் அக்கா என்று பெயர். ஒருநாள் கடையில் ஆளில்லாத நேரத்தில் அவளிடம் சுற்றி வளைத்துக் கேட்டாள்.

"ஏங்க்கா, தலையில அடிபட்டா… ஆம்பளைங்களுக்கு அந்த நெனப்பெல்லாம் போயிடுமா?"

பவுடர் அக்கா லென்ஸ் துடைப்பதை நிறுத்தினாள். "அது தலையிலயாடி இருக்கு?" என்று சொல்லிவிட்டுத் தானே சிரித்தாள். அப்புறம் இவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை விழுங்கினாள். "நீ கேட்டுப் பாத்தியா அவர?"

"எப்படிக்கா கேக்கறது? உயிரோட வந்ததே பெருசு. இதப் போய் கேட்டா, இவ அலையறான்னு நெனைக்க மாட்டாங்களா?"

உண்மையில் யாரும் அவளிடம் கேட்கவும் இல்லை. தூக்கம் வருகிறதா, பசிக்கிறதா, வெளிக்குப் போகிறாரா, நடக்கிறாரா என்று டாக்டர் எல்லாம் கேட்பார். கட்டிலில் பாதி காலியாகக் கிடப்பதைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. அவன் புரண்டு விழுந்துவிடக்கூடாதென்று சுவர்ப்பக்கம் படுக்க வைத்து, நடுவில் ஒரு தலையணை வைத்தது அவள்தான். அந்தத் தலையணை அங்கேயே குடியிருந்துவிட்டது.

அந்த வாரமே துணிந்து ஒன்று செய்தாள். விளக்கு வைக்கிற நேரத்துக்குக் குளித்து, அவனுக்குப் பிடித்த நீல நிற உடையைப் போட்டுக்கொண்டாள். அலமாரியில் மூடிக் கிடந்த வாசனைப் புட்டியைத் திறந்து கழுத்தில் தொட்டுக்கொண்டாள். அது அவன் வாங்கிக் கொடுத்ததுதான். முன்பெல்லாம் அந்த வாசனை வந்தால் சமையலறை வரைக்கும் தேடிக்கொண்டு வருவான். பக்கத்தில் போய் ஒட்டி உட்கார்ந்தாள். அவன் தலையைத் திருப்பிப் பார்த்தான், கொஞ்சம் யோசித்தான், இடது உள்ளங்கையை நீட்டினான்.

"மாத்திரையா?"

அவள் எழுந்துபோய் மாத்திரையைக் கொண்டுவந்து கொடுத்தாள். வேறு என்ன செய்வது? பிறகு குளியலறைக்குப் போய்க் கழுத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். அடிபட்டதில் அவனுக்கு மோப்ப உணர்வே போய்விட்டது என்பது அப்போது அவளுக்குத் தெரியாது. அவனும் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. சோறு ஏன் ருசிக்கவில்லை என்று அவனே குழம்பிக்கொண்டிருந்தான்.

அடுத்த செவ்வாய்க்கிழமை அவன் தலை வாரியதோடு நிற்காமல், அலமாரியைத் திறந்து கோடு போட்ட புதுச் சட்டையை எடுத்தான். அவள் பழைய சாம்பல் நிறச் சட்டையை நீட்டினாள். "இது போதும், பட்டன் போட சுலபம்." அவன் தலையை ஆட்டினான். ஒற்றைக் கையாலேயே அத்தனை பட்டனையும் போட்டு முடித்தான். வேர்த்துப்போயிற்று, ஆனாலும் விடவில்லை.

போகட்டும், இன்றைக்கு ஒரு முடிவு கட்டாமல் திரும்புவதில்லை என்று அவளும் கிளம்பினாள்.

நடையில் உட்காரவில்லை. கதவு சாத்தியதும் போய்க் காதை வைத்தாள். முதலில் சுருட்டையின் குரல்: "அவசரம் வேணாம். ஒவ்வொரு வார்த்தையா." அப்புறம் அவன் குரல். கல்லில் வண்டி ஏறி இறங்குவதுபோல, ஆனால் தெளிவாக:

"கிட்ட… வா. உக்காரு. உன்… கை… அழகா இருக்கு."

அவளுக்குக் காதுக்குள் கூவென்று இரைந்தது. தட்டவில்லை, கேட்கவில்லை, கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

"என்ன நடக்குது இங்க? சிகிச்சையா இது? வெக்கமா இல்ல உங்களுக்கு? அங்க ஒருத்தி வேலைக்கு லீவு போட்டுட்டு வாசல்ல காவல் இருக்கா, இங்க கை அழகா இருக்காமே, கை!"

மேஜைக்கு அந்தப் பக்கம் சுருட்டை, இந்தப் பக்கம் அவன். நடுவே இரண்டு முழத் தூரம். சுருட்டையின் கைகள் அட்டைக் கட்டின் மேல் இருந்தன. அவன் வாய் திறந்தபடி நின்றது. வெளியே யாரோ எட்டிப்பார்த்தார்கள். சுருட்டை எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"உக்காருங்கக்கா. அது எனக்குச் சொன்னதில்ல. உங்களுக்குச் சொல்றதுக்குத்தான் பழகறார். அவரேதான் கேட்டார். வைஃப்கிட்ட பேசணும், வாய் தடுக்குது, அவளோட… மறுபடி… அப்படின்னு சொல்லி, பாதியில வெக்கப்பட்டு நிறுத்திட்டார். நாலு வாரமா இந்த மூணு வாக்கியந்தான். தப்பா வர்றப்ப ரெண்டு பேரும் சிரிப்போம்."

இதைக் கேட்டதும் அவளுக்கு நெஞ்சு குளிர்ந்திருக்க வேண்டும். இன்னும் கொதித்தது.

"எனக்குச் சொல்ல வேண்டியத உன்கிட்ட எதுக்குச் சொல்லிப் பாக்கணும்? எங்க ரூம் விஷயம் உனக்கு எப்படித் தெரியலாம்? நாலு வாரமா நீ கேட்டுக்கிட்டிருக்க, நான் வெளிய நாற்காலியத் தேய்ச்சுக்கிட்டிருக்கேன்!" பிறகு அவன் பக்கம் திரும்பினாள். "தப்பா வந்தா வரட்டுமே. நான் சிரிக்க மாட்டேனா? நான் என்ன, கடிச்சுத் தின்னுடுவேனா?"

அவன் பேச முயன்றான். வார்த்தை வரவில்லை. மேஜையை இடது கையால் ஒரு தட்டுத் தட்டினான். பிறகு வந்தது, அட்டையில் இல்லாத, யாரும் சொல்லிக் கொடுக்காத பேச்சு.

"நீ… தொடுற. காலைல… ராத்திரி… எல்லாம் தொடுற. தொடச்சு விட. கழுவி விட." மூச்சு வாங்கினான். "துடைக்கிற கை. அது… அது பெண்டாட்டி கை இல்ல. நான்… எப்படி…?"

மேலே சொல்ல முடியாமல், கோடு போட்ட சட்டையின் காலரைப் பிடித்து இழுத்துக் காட்டினான். இதை நானே போட்டேன், பார்த்தாயா என்கிற மாதிரி.

அவள் உட்கார்ந்தாள். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. சுருட்டை ஒரு டிஷ்யூப் பெட்டியைத் தள்ளினாள். அதை வாங்கக்கூட அவளுக்கு மனமில்லை. முந்தானையிலேயே துடைத்துக்கொண்டாள்.

"உங்களையும் உள்ள கூப்பிட்டிருக்கணும்" என்றாள் சுருட்டை. "அவர் வேணாம்னார், சர்ப்ரைஸ்னார். நானும் சரின்னுட்டேன். எனக்கு வார்த்தைய வரவழைக்கத்தான் தெரியும்கா. மத்தத டாக்டர்கிட்ட நேராக் கேளுங்க. கேக்கக் கூடாத விஷயமில்ல. அப்புறம், முடிஞ்சா அவரக் குளிப்பாட்டற வேலைய வேற யாருக்காவது குடுங்க."

அந்தக் கடைசி யோசனைதான் அவளுக்கு எல்லாவற்றையும்விடக் கசந்தது.

பக்கத்துத் தெருவில் இருந்த கொழுந்தன் உடனே ஒத்துக்கொண்டான். "இதுக்கா அண்ணி இத்தனை நாள் தவிச்சீங்க? அவன் முதுக நான் தேய்க்காம யாரு தேய்ப்பா?" என்று மறுநாள் காலையே துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றான். அண்ணனும் தம்பியும் குளியலறைக்குள் போனார்கள். உள்ளே தண்ணீர் சளசளத்தது, வாளி உருண்டது. தம்பி ஏதோ பழைய பாட்டைத் தப்புத்தப்பாகப் பாட, அவன் இடையில் "டேய்… கண்ணு… சோப்பு!" என்று கத்தினான். அவள் சமையலறையில் வெறுங்கையோடு நின்றாள். அந்த நேரத்தில் அவள் கை எப்போதும் நனைந்திருக்கும். இப்போது காய்ந்து கிடந்தது. கொழுந்தன் மேலேயே பொறாமை வந்தது. அந்த முதுகு, அந்தத் தோள், காதுக்குப் பின்னால் தையல் போட்ட அந்தத் தழும்பு எல்லாம் தனக்கு மட்டுமே தெரிந்த சொத்து என்று அவள் இருந்திருக்கிறாள். அருவருப்பில்லாமல் செய்தேனே, அதற்கு இதுதான் கூலியா என்று பாத்திரத்தை நங்கென்று வைத்தாள்.

ஆனால் குளித்துவிட்டு வந்தவன் அவளை வேறு மாதிரி பார்த்தான். ஈரத் தலையோடு, சட்டை போடாமல், ஒரு வீட்டுக்கு விருந்தாளியாக வந்தவன்போலக் கொஞ்சம் கூச்சத்தோடு. அன்றிலிருந்து சிஸ்டர் என்ற சொல் குறைந்தது. அதை அவள் கவனித்தாள். கவனித்ததைக் கொழுந்தனிடம் சொல்லவில்லை.

டாக்டரிடம் கேட்பதற்கு அவள் பட்ட பாடு கொஞ்சமில்லை. எல்லாம் முடிந்து எழுந்து, கதவுவரை போய், திரும்பி வந்து, "டாக்டர், இன்னொண்ணு…" என்று சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். அவர் வெயில் மழையைப் பற்றிக் கேட்டதுபோலவே பதில் சொன்னார். ஆசை, கூச்சம், கோபம், தூக்கம் எல்லாமே தலைக்குள்ளேதான் உற்பத்தியாகிறது, அங்கே அடிபட்டால் இதுவும் அடிபடும், பலருக்கும் நடப்பதுதான் என்றார். மாத்திரைகளில் ஒன்று ஆசையை அமுக்கக்கூடியது, அதை மெதுவாக மாற்றிப் பார்க்கலாம், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள் என்றார். மோப்பம் போன விஷயமும் அன்றைக்குத்தான் வெளியே வந்தது. "சாயங்காலத்துக்கு மேல அவர்கிட்ட தெம்பு மிஞ்சாதும்மா. ராத்திரிதான்னு ஏன் வச்சுக்கறீங்க? மத்தியானம் தூங்கி எழுந்தப்புறம் அவர் நல்லா இருப்பார்."

அவள் வெளியே வந்து, பவுடர் அக்கா சொன்னதை நினைத்து, கூட்டத்துக்கு நடுவில் தனியாகச் சிரித்தாள்.

கடைக்கு விடுமுறையான ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அவன் தூங்கி எழுந்திருந்தான். மின்விசிறிச் சத்தம் அவன் தலைக்குள் குடையும் என்பதால் அதை நிறுத்தினாள். போனை அணைத்தாள். நடுவிலிருந்த தலையணையை எடுத்துக் கீழே போட்டாள். அவன் நிமிர்ந்து உட்கார்ந்து தொண்டையைக் கனைத்தான். பரீட்சைக்கு வந்தவன்போல இருந்தான்.

"கிட்ட… வா."

வந்தாள்.

"உக்காரு."

உட்கார்ந்தாள்.

"உன்… கதவு… அழகா இருக்கு."

சொன்ன மறுகணமே அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டான். அவளால் அடக்க முடியவில்லை. "கதவா? எந்தக் கதவுடா?" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். அவனும் ஒரு கண்ணைத் திறந்து பார்த்து, இருமல்போல ஆரம்பித்தான். அப்புறம் அது உருண்டோடியது. அட்டை இல்லாமல், மேஜை இல்லாமல், அவள் மடியிலேயே விழுந்து சிரித்தான்.

அன்றைக்கு எல்லாம் கூடிவந்தது என்று சொன்னால் பொய். அவன் இடது கை அவள் தோளைத் தேடி வந்தது, கழுத்தில் நின்றது, நேரம் எடுத்துக்கொண்டு மெல்ல இறங்கியது. வலது கையை அவளே எடுத்துத் தன் இடுப்பில் வைத்துக்கொண்டாள். பாதி உணர்வுதான், ஆனால் சூடு தெரிகிறது என்றான். அதற்கு மேல் அவன் உடம்பு கேட்கவில்லை. மனசு ஓடியது, உடம்பு நின்ற இடத்திலேயே நின்றது. அவமானம் தாங்காமல் கட்டில் விளிம்பில் குத்தினான்.

"பரவாயில்லப்…" என்று ஆரம்பித்தவள், அந்த "ப்பா" வருவதற்குள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். அந்தக் குரலும் துடைக்கிற குரல்தான். அதற்குப் பதிலாக உள்ளே இத்தனை நாள் கிடந்தது வாயில் வந்தது. "எனக்கும் ஏமாத்தமாத்தான்டா இருக்கு. நான் மட்டும் என்ன கல்லா? உன்ன எவ்வளவு தேடினேன் தெரியுமா? பக்கத்துலயே படுத்துக்கிட்டு தேடினேன்."

அவன் குத்துவதை நிறுத்தினான். தேடினேன் என்ற சொல் அவனுக்குப் பிடித்திருந்தது போலிருக்கிறது. அதைத் திருப்பிச் சொன்னான். இருவரும் அப்படியே, ஒருவர் மேல் ஒருவர் காலைப் போட்டுக்கொண்டு, வெயில் சுவரைவிட்டு இறங்கும்வரை கிடந்தார்கள்.

மாத்திரை மாறியது. சில ஞாயிற்றுக்கிழமைகள் வீணாயின, சில ஆகவில்லை. வீணாகாத ஞாயிறுகளுக்கு மறுநாள் கடையில் பவுடர் அக்கா இவள் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் பாட்டு முணுமுணுப்பாள். சுருட்டையை மட்டும் அவளுக்குக் கடைசிவரை பிடிக்கவில்லை. அவள் நல்லவள்தான், உதவியவள்தான். ஆனால் தனக்கென்று செய்த வாக்கியத்தை முதலில் கேட்டது அவள் காது. அதை எந்த நன்றியாலும் கழுவ முடியவில்லை. வகுப்பு முடிகிற நாளில் "வரேங்க" என்று ஒரு வார்த்தையோடு நிறுத்திக்கொண்டாள்.

மழை விட்டிருந்த ஒரு மாலை, கொழுந்தன் அவனை நடத்திக்கொண்டு கண்ணாடிக் கடை வரைக்கும் வந்தான். உள்ளே அவள் தாடி வைத்த ஒருவனுக்கு ஃபிரேம் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். குனிந்து, அவன் முகத்துக்கு மிக அருகே முகத்தை வைத்து, இரண்டு காதுக்கும் பின்னால் விரலை விட்டுத் தடவி, "இழுக்குதாங்க?" என்று சிரித்தபடி கேட்டாள். நிமிர்ந்தபோது கண்ணாடிக் கதவுக்கு வெளியே கணவன் நின்றிருந்தான். முகம் கறுத்திருந்தது.

வேலை முடிந்து மூவரும் வீட்டுக்குக் கிளம்பினார்கள். தெருமுனை திரும்பியதும் அவன் நின்றுவிட்டான்.

"அவன்… யாரு?"

"கஸ்டமர்."

"காதத்… தொட்ட."

"காதுல மாட்டற சாமானுக்குக் காதத் தொடாம, கால்லயா தொடுவாங்க?"

"சிரிச்ச."

"வர்றவங்ககிட்ட சிரிக்காம, அழவா?"

அவளுக்கு உள்ளுக்குள் ஒரு குதூகலம் கிளம்பியது. பொறாமை! இவனுக்கு! எரிச்சல் காட்டுவதுபோல நடந்துகொண்டே அதை ருசித்தாள். அப்போது அவன் அவள் முழங்கையைப் பிடித்து நிறுத்தினான். முகம் நிஜமாகவே வலியில் இருந்தது. அந்த வலியை அவள் நன்றாக அறிவாள். பயிற்சி அறைக்கு வெளியே, அந்த நாற்காலியில் உட்கார்ந்து அறிந்தது.

"நான் பாக்கறப்ப இன்னொருத்தனப் பாத்து அப்படி சிரிக்காத" என்றான்.

ஒரு இடத்திலும் தடுக்கவில்லை. யாரும் பழக்காத வாக்கியம். முதல் முதலாக அவள் காதில் விழுந்த வாக்கியம். பின்னால் வந்த கொழுந்தன்கூடப் போனைப் பார்க்கிற சாக்கில் தள்ளி நின்றுகொண்டிருந்தான், அவனுக்கும் கேட்டிருக்காது.

திக்காமல் பேசினாய் என்று சொல்லி அவள் அவனைக் குளிரவைக்கவில்லை. "அது என் பொழப்பு. அப்படித்தான் சிரிப்பேன்" என்றாள். அவன் கையை உதறினான், வேகமாக நடக்கப் பார்த்தான். கால் ஒத்துழைக்கவில்லை. அவள் பிடிக்கப் போகவில்லை. அவனோடு ஒட்டி, அவன் நடைக்கு நடந்தாள். "நீ மட்டும் அங்க ரூமுக்குள்ள உருண்டு உருண்டு சிரிச்சியே, அதுக்கு நான் எத்தனை நாள் வெந்தேன்னு தெரியுமா?" என்று ஆரம்பித்தாள். அவன் வார்த்தையைத் தேடித் தேடிப் பதில் சொன்னான். வீட்டுப் பூட்டைத் திறக்கும்போதும் சண்டை முடிந்திருக்கவில்லை. கொழுந்தன் வாசலிலேயே நின்று, "நான் காலைல வரேன் அண்ணி" என்று சொல்லிவிட்டு நழுவினான்.